செத்தவன் பெயரில் ஓர் அட்டை

நான் பிறந்தது மலையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் ஒன்றில். என் பிறப்பை யாரும் பதியவில்லை. பாட்டனார் இந்தியாவிலிருந்து வந்தவர் என்பதால் இந்த நாடு எங்களைத் தன் ஆட்களாக எடுக்கவில்லை. அந்த நாடும் கேட்டு வரவில்லை. கலவரத்தில் லயம் எரிந்த பிறகு அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு கிழக்குக் கரையிலுள்ள பனிச்சங்கேணிக்கு வந்தார். இரண்டாம் மாரியில் காய்ச்சலில் போய்விட்டார். வாவியில் வலை போடும் ஒரு குடும்பம் என்னை வைத்துக்கொண்டது. அவர்களை மாமா, மாமி என்று கூப்பிட்டேன்.

பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை உட்கார விட்டார்கள். அதற்கு மேல் பிறப்புப் பத்திரம் கேட்டார்கள். இல்லை என்றதும் தோணிக்குப் போனேன். அதில் பெரிய வருத்தமில்லை. பதினாறு வயதில்தான் சிக்கல் வந்தது. யுத்தம் தொடங்கியிருந்தது. பாலத்தில் இராணுவம் சென்றி போட்டு ஆட்களை மறித்தது. அடையாள அட்டை இல்லை என்று பஸ்ஸிலிருந்து இறக்கி வைத்த பொடியன்களில் இரண்டு பேர் திரும்பி வரவில்லை.

மாமிக்கு ஒரு மகன் இருந்தான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். நான் வருவதற்குச் சற்று முன், ஒன்பது வயதில், வாவியில் மூழ்கிப் போனவன். உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லாததால் மாமி ஒப்பாரி வைக்கவில்லை, எட்டாம் நாள் படையல் வைக்கவில்லை, சாவைப் பதியவுமில்லை.

ஒரு நாள் மாமா அவனுடைய பிறப்புப் பத்திரத்தை என் மடியில் வைத்தார்.

"இண்டையிலிருந்து நீதான் இவன், மனே."

"மாமிக்குத் தெரியுமா?"

"அவதான் எடுத்துத் தந்த."

அட்டை வந்தது. முகம் என்னுடையது. பெயரும் பிறந்த நாளும் அவனுடையவை.

பெயர் எனக்குப் படிய வேண்டும் என்று மாமா பின்னால் வந்து திடீரென்று கூப்பிடுவார். வலைக் கிழிசல் பொத்தும்போது, சோறு தின்னும்போது. நான் உடனே ஓம் சொல்ல வேண்டும். ஆனால் வாவியில் வேறு பழக்கம். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாம் தரம் வரை வாய் திறக்கக் கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. தண்ணீரில் போனவர்கள் இரண்டு தரத்துக்கு மேல் கூப்பிட மாட்டார்கள். அதை எனக்குப் பழக்கியவரும் மாமாதான். அதனால் தரையில் ஒரு மாதிரி, தண்ணீரில் ஒரு மாதிரி என்று பிரித்து வைத்துக்கொண்டேன்.

இராணுவத்தின் சுற்றிவளைப்பு ஒரு காலையில் நடந்தது. ஆண்களை வாவிக்கரையில், தண்ணீருக்கு முதுகு காட்டி உட்கார வைத்தார்கள். பெண்களை எதிர்ப்பக்கம் நிறுத்தினார்கள். அட்டைகளை வாங்கிக்கொண்டு ஒரு சிப்பாய் எங்களுக்குப் பின்னால் போனான். அது எனக்குத் தெரியாது. கண்ணை மூடியிருந்தேன். தண்ணீர்ப் பக்கமிருந்து அந்தப் பெயர் வந்தது.

அவன்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன். ஒன்று என்று எண்ணினேன். மறுபடி வந்தது. இரண்டு. பக்கத்தில் இருந்தவன் முழங்கையால் இடித்தான். நான் அசையவில்லை. மூன்றாம் தரம் கேட்ட பிறகு ஓம் என்றேன். அதற்குள் ஒரு கை என் தலைமயிரைப் பிடித்திருந்தது.

"உன் பேர் உனக்குத் தெரியாதா?" என்றான் கொஞ்சம் தமிழ் தெரிந்த ஒரு சிப்பாய்.

அப்போது மாமி கத்தினாள். அந்தப் பெயரைச் சொல்லி நெஞ்சில் அடித்தாள். "தண்ணிக்குள்ள போனயே மனே, தலமயிரும் தெரியல்லயே மனே" என்று இழுத்தாள். மற்றப் பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு சேர்ந்து அழுதார்கள். எனக்காக என்று முதலில் நினைத்தேன். அவள் கண் என்மேல் இல்லை. என் தலைக்கு மேலால் வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடம் வைக்காத ஒப்பாரி அது. இழுத்து அழுத சொற்கள் அந்தத் தமிழ் தெரிந்தவனுக்கும் விளங்கவில்லை.

"அம்மாவா?" என்று என்னைக் கேட்டான்.

"ஓம்" என்றேன்.

அட்டை என் மடியில் விழுந்தது.

மாமி அன்றிலிருந்து நாள் எண்ணினாள். எட்டாம் நாள் சமைத்து அவனுக்குப் படைத்தாள். ஊரார் வந்து தின்றார்கள். நானும் வரிசையில் இருந்தேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் மட்டும் சிரித்தான்.

"பேருக்காரனுக்கு இன்னொரு துண்டு மீன் போடு கா. செத்தவன் பசியோட எழும்பக் கூடாது."

மாமி போட்டாள். நான் தின்றேன்.

பிறகு அங்கே என்னால் தரிக்க முடியவில்லை. வாழைச்சேனையில் லொறியில் மூட்டை ஏற்றினேன். ஏறாவூரில் ஒரு மாவு மில்லில் நின்றேன். கண்டி, கொழும்பு என்று அலைந்தேன். வருடத்தில் ஒரு தரம் வந்தால் மாமி என் சுகம் கேட்க மாட்டாள். எந்தெந்தச் சென்றியில் மறித்தார்கள், பெயரைச் சத்தமாக வாசித்தார்களா என்று கேட்பாள். நான் சொல்லுவேன். வேறு யாரோ போய் வந்த கதையைக் கேட்பவள் போலக் கேட்பாள்.

சண்டை சற்று ஓய்ந்திருந்த காலத்தில் தோட்டத்து வழி வந்த எங்கள் ஆட்களுக்குப் பிரஜாவுரிமை தரும் சட்டம் வந்தது. எழுதிக் கொடுத்தால் போதும் என்றார்கள். நானும் போய் வரிசையில் நின்றேன். படிவம் நிரப்பியவர் என் அட்டையைப் பார்த்தார்.

"நீங்க இஞ்சத்த ஆள்தானே. உங்களுக்கு என்னத்துக்கு இது?"

"அதில இருக்கிறவன் செத்திட்டான்" என்றேன்.

அவர் பேனையை வைத்தார்.

"அப்ப முதல்ல அவர் செத்ததைப் பதியுங்க. தாய் கையெழுத்து வைக்கோணும்."

மாமா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். மாமி வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். சொல்லி முடிக்கும் வரை கத்தியை நிறுத்தவில்லை.

"எனக்கெண்டு ஒரு பேர் இருக்கு, மாமி. அதைப் பதியத்தான்."

"எட்டாம் நாள் அவண்ட உசிருக்குச் செஞ்சன், மனே. ஆளை நான் இன்னும் அனுப்பல்ல. கண்டிக்குப் போனான், கொழும்புக்குப் போனான். ஒம்பது வயசில போன புள்ளைக்கு இப்ப மீசை."

கையைக் கழுவிவிட்டு அட்டையை வாங்கினாள். "இதில சின்னவனா இருக்கான். படத்தை மாத்து."

இரண்டு நாள் யோசித்தேன். மாமி கையெழுத்து வைக்காமல் என் பெயர் எங்கும் ஏறாது. வற்புறுத்தியிருந்தால் வைத்திருப்பாள். நான் வற்புறுத்தவில்லை. படிவத்தில் பெயர் எழுதும் கோட்டை வெறுமையாக விட்டு மடித்துக்கொண்டு டவுனுக்குப் போனேன். ஸ்டூடியோவில் புதுப் படம் எடுத்து, ஒரு பிரதியை மாமியிடம் கொண்டுவந்து கொடுத்தேன்.

அவள் பெருவிரலால் படத்து மீசையைத் தடவினாள்.

"வளந்திட்டான்" என்றாள்.

பிறகுதான் நான் நிற்பதைக் கண்டவள் போல நிமிர்ந்தாள்.

"நீ எப்ப வந்த, மனே? சோறு திண்டயா?"