றோசலினின் இடியப்ப மெஷின்

றோசலினுக்கும் எனக்கும் சொந்தம் பந்தம் எதுவும் இல்லை. அவர் மன்னார்க் கத்தோலிக்கர், நான் யாழ்ப்பாணத்துச் சைவக்காரன். எங்களைச் சேர்த்துவைத்தது இடியப்பம். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நாட்டில், இல்-பிசார் தீவில், ஆற்றுக்குக் கிட்ட இருக்கும் தன் வீட்டின் நிலக்கீழ் அறையில் அவர் இடியப்பம் அவித்து விற்றார். துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டும் நான் சனிக்கிழமை தவறாமல் போய் வாங்கினேன்.

செத்த வீடு என்றால் மட்டும் றோசலின் காசு வாங்கமாட்டார். என்ன சமயம், எந்த ஊர் என்றும் கேட்கமாட்டார். அடுப்பு மூட்டாத வீட்டுக்கு இடியப்பமும் சொதியும் தானாகப் போய்ச் சேரும். என் அப்பா தவறிய அன்று முழங்கால் பனியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். பசிக்கிறது என்று சொல்லக்கூட வெட்கப்பட்டுக்கொண்டிருந்த நாங்கள் எல்லோரும் சாப்பிட்டோம். அந்த நன்றிக்கடன் எனக்கு இன்னும் தீரவில்லை.

இந்தச் சித்திரையில் ஆறு பெருகி நிலக்கீழ் அறைக்குள் வந்தது. கூடவே சாக்கடையும் ஏறியது. அவருடைய மெஷின் அதற்குள் முழுதாக மூழ்கிப்போனது. கணவர் இல்லை, மணிக்கட்டு இரண்டிலும் சத்திரசிகிச்சை செய்தவர், கையால் இடியப்ப உரல் பிழிய முடியாது. காப்புறுதிக்காரர்களும் கையை விரித்துவிட்டார்கள். மெஷின் இல்லையென்றால் அவருக்குத் தொழில் இல்லை.

"எறிய வேண்டாம். நான் உயிர் குடுத்துத் தாறன்" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

என் கராஜில் வைத்து அக்கக்காகக் கழற்றினேன். மோட்டரைக் காயவைத்தேன், பேரிங் மாற்றினேன், எண்ணெய் மாற்றினேன், மாவு படும் பாகங்களைக் கொதிநீரில் திரும்பத் திரும்பப் போட்டேன். "சாப்பாட்டு மெஷினோ, சத்திரசிகிச்சை மெஷினோ?" என்று என் மனைவி சிவமலர் நக்கலடித்தாள்.

கடைசியில் மெஷின் ஓடியது. றோசலினை வரச்சொல்லி, குழைத்த மாவோடு அவர் வந்ததும் பொத்தானை அமத்தினேன். இடியப்பம் நூல் நூலாக இறங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. றோசலின் அதைச் சிவமலரின் அடுப்பில் அவித்து, தட்டில் போட்டு என்னிடம் நீட்டினார்.

"முதல் தட்டு உங்களுக்குத்தான், கிருபா அண்ணை."

தட்டை வாங்கினேன். இடியப்பத்தைப் பிய்த்த கை வாய்க்குப் போகவில்லை. அந்த மெஷினுக்குள்ளிருந்து நான் வழித்தெடுத்த கறுத்த சேறு கண்ணுக்குள் வந்து நின்றது. ஒரு கணம்தான், பிறகு சாப்பிட்டேன். ஆனால் றோசலின் பார்த்துவிட்டார்.

"துப்புரவாக் கழுவினனான், பிள்ளை. ஒண்டுமில்லை" என்றேன்.

"ஓம் அண்ணை, தெரியும். ஆனா கழுவின உங்கட கையே யோசிக்குது. செத்த வீட்டில ஆக்கள் யோசிக்கிற நிலையிலயோ இருப்பினம்? குடுக்கிறதைச் சாப்பிடுவினம். எனக்கு இது வேண்டாம்."

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை, என் கை மேல். இத்தனை நாள் பாடுபட்டு அவருக்குத் தொழிலைத் திருப்பிக் கொடுத்த நானே, அதை ஒரு நொடியில் பறித்தும் விட்டேன்.

அந்தக் கிழமையே தெரிந்த ஒரு வீட்டில் மரணம். "றோசலின் என்ன செய்வா?" என்று சிவமலர் போனை எடுத்தாள். அவர் முன்பு சாப்பாடு அனுப்பிய வீடுகளுக்கெல்லாம் சொன்னாள். எந்தத் தமிழ் வீட்டு அலுமாரியில் இடியப்ப உரல் இல்லை? மறுநாள் விடிய, றோசலினுடைய தேவாலய மண்டபத்துச் சமையலறையில் உரலும் கையுமாகச் சனம் நின்றது. சைவக்காரரும் வந்தார்கள், வேதக்காரரும் வந்தார்கள். றோசலின் மாவைக் குழைக்கச் சொல்லித்தர, நாங்கள் பிழிந்தோம். என் தோள்மூட்டு கழன்று போகும்போல இருந்தது. புது மெஷின் வாங்கும்வரை சனிக்கிழமைகளிலும் முறைவைத்துப் பிழிவதென்று அங்கேயே முடிவாயிற்று. பழைய மெஷின் இப்போது என் கராஜில் லொறிச் சில்லுகளின் பேரிங்குகளுக்குக் கிரீஸ் பிழிகிறது.

முதல் ஈடு இறங்கியதும் றோசலின் தட்டை என்னிடம் நீட்டினார். கண் கலங்கியிருந்தது.

"எல்லாரும் வந்ததுக்கு நன்றி. ஆனா உங்களுக்கு நான் சொல்லவேண்டிய நன்றி வேற, அண்ணை. அண்டைக்கு நீங்கள் யோசிக்காமச் சாப்பிட்டிருந்தா, நான் அந்த மெஷினை வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பன். செத்த வீட்டுக்கும் அதிலதான் பிழிஞ்சு குடுத்திருப்பன்."

சூடு ஆறமுன் வாயில் போட்டு நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.