தலையாட்டலில் போன எட்டுத் தட்டுகள்

ஸ்தோயங்கா மாதிரி ஒரு பிடிவாதக்காரியை நான் கண்டதில்லை. நாற்பத்தாறு வயது. பதினோரு வருடம் ஆஸ்திரியாவில் ஆய்வக வேலை பார்த்து, புருஷனை உதறிவிட்டு, பல்கேரியாவில் எங்கள் ஊரான ப்ளோவ்திவுக்கே திரும்பியவள். எங்கள் தீக்காய ஆஸ்பத்திரியில் தோல் வளர்ப்பதுதான் அவள் வேலை. நான் பென்கா, அங்கே புட்டி கழுவுகிறவள்.

போன அக்டோபரில் ராதோயைக் கொண்டுவந்தார்கள். குடைமிளகாய் ஆலையில் பாய்லர் வெடித்து முதுகும் இரண்டு காலும் வெந்திருந்தன. எடுத்து ஒட்ட நல்ல தோல் போதவில்லை. அவன் அக்குளிலிருந்து தபால்தலை அளவு தோலை எடுத்துக் கொடுத்த டாக்டர் வெலிகோவ், "முப்பத்திரெண்டு தட்டு தோல் வேணும்" என்றார்.

அந்தத் தோலின் செல்களைப் பிரித்து, தட்டுகளில் தீனி ஊற்றி வளர்ப்பாள் ஸ்தோயங்கா. தீனி கிடைத்தால் ஒவ்வொரு செல்லும் பருத்து, உள்ளிருப்பதை எல்லாம் இரட்டிப்பாக்கி, நடுவில் ஒடுங்கி இரண்டாகும். இரண்டு நாலாகும். தட்டு நிறைந்து நெருக்கடி வந்தால் நின்றுவிடும். அதற்குள் ஒரு தட்டை நாலு தட்டாகப் பகிர்ந்துவிட வேண்டும். நாலு நாளுக்கு ஒருமுறை இந்தப் பாடு.

"ஞாயித்துக்கிழமைகூட லீவு இல்லையாடி?" என்றேன்.

"அதுங்க காலண்டர் பாக்குறதில்ல அக்கா."

பத்துத் தட்டு சேர்ந்த அன்று, எட்டை மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு வெளியிலிருந்து அவற்றைக் காட்டி, "இது வேணுமா?" என்று கேட்டேன். வாயில் முகமூடி. தலையை மேலும் கீழும் ஆட்டிவிட்டு, போன் அடிக்கிறதென்று பக்கத்து அறைக்குப் போனாள். எங்கள் ஊரில் அப்படி ஆட்டினால் 'இல்லை' என்று அர்த்தம். நான் உள்ளே போய், வேண்டாத தட்டைக் கழுவுமுன் செய்வதுபோல, எட்டிலும் பிளீச்சிங் தண்ணீரை ஊற்றினேன்.

"என்னக்கா பண்ணின!"

"நீதானே வேணாம்னு ஆட்டின!"

"வேணும்னுதானே ஆட்டினேன்!"

அவள் தலை ஆஸ்திரியாவிலேயே தங்கிவிட்டிருந்தது.

"நாலு நாள்ல ஒட்ட வேண்டியது. இன்னும் நாலு நாள் தள்ளிப்போனா சீழ் வெச்சிரும்" என்று டாக்டர் கத்தினார். "யார் தப்பு இது?"

"என் தலைமேலதான் டாக்டர். நெசமாவே என் தலைதான். இன்னும் ரெண்டு தட்டு இருக்கு. ரெண்டு எட்டாகும், எட்டு முப்பத்திரெண்டாகும். எட்டு நாள் குடுங்க" என்றாள் ஸ்தோயங்கா.

"நான் குடுத்து என்ன? அவன் உடம்பு குடுக்கணுமே!"

எட்டு நாளும் ராதோயின் அம்மா தோத்கா வராந்தாவில் உட்கார்ந்து, "என் பையன் தோல் எப்படி இருக்கும்மா?" என்று பேரப்பிள்ளையை விசாரிப்பது போலக் கேட்பாள். "நல்லா வளருது" என்பாள் ஸ்தோயங்கா. எனக்குத்தான் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை.

ஒட்டினார்கள். ஒரு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தால், முதுகிலும் வலது காலிலும் பிடித்திருந்தது. இடது காலில் சீழ். நான் வாய்விட்டு அழுதேன்.

ஸ்தோயங்கா அழவில்லை. "காலை எடுக்காம எத்தனை நாள் பொறுப்பீங்க, டாக்டர்?"

"ஒம்போது. அதுக்கு மேல ஆபத்து."

"எட்டு நாள் போதும். முப்பத்திரெண்டுல ரெண்டு தட்டை ஒதுக்கி உறையவெச்சிருக்கேன்." என் பக்கம் திரும்பினாள். "அழுதது போதும்க்கா. புட்டியெல்லாம் கழுவியாச்சா?"

ஓடிப்போய்க் கழுவினேன்.

அந்தத் தோல் பிடித்தது. டிசம்பரில் ராதோய், அம்மா தோளைப் பிடித்தபடி, இரண்டு காலையும் ஊன்றி வாசல் படி இறங்கினான். வழியனுப்ப ஸ்தோயங்காவைக் கூப்பிட்டேன். வரவில்லை. அன்றைக்கு வேறொருத்தர் தோலை நாலாகப் பகிரும் நாள்.