அப்பாவின் உதட்டுச் சிவப்பு

மஸ்கட்டில் போர்டு எழுதும் கடையில் எனக்கு வேலை. என் அறையில் இருந்த பிலிப்பைன்ஸ்காரன் ஆயில் பெயின்டில் மனித முகம் வரைவான். பழைய ஐரோப்பிய முறை. வெள்ளிக்கிழமை லீவில் எல்லாரும் தூங்கும்போது அவனிடம் கற்றுக்கொண்டேன். முதலில் முகம் முழுவதையும் சாம்பல் நிறத்திலேயே வரைந்து முடிக்க வேண்டும். அது காய்ந்த பிறகுதான் மேலே சதை நிறம். அவசரப்பட்டால் எல்லாம் சேறாகிவிடும். எனக்கு அவசரம்தான் வியாதி. இரண்டு வருடம் சேறுதான் வரைந்தேன்.

நாற்பது நாள் லீவில் நன்னிலம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தபோது அப்பாவை உட்கார வைத்தேன். குறுவை அறுப்பு முடிந்து அவரும் சும்மா இருந்தார். மூன்று நாள், காலையில் இரண்டு மணி நேரம். உதடு வெளுத்துத் தெரிந்தது. ஜன்னல் வெளிச்சம் அப்படி என்று விட்டுவிட்டேன். எப்படியும் சாம்பல்தானே.

மூன்றாம் நாள் அம்மா வந்து பார்த்தாள்.

"என்னடா இது, பொணமாட்டம் இருக்கு?"

"இது அடிப்பூச்சும்மா. காஞ்சப்புறம்தான் கலரு."

"உசுரோட இருக்கிற மனுஷனுக்கு எதுக்குடா இவ்ளோ பெரிய படம்?"

எங்கள் ஊர்ப் பக்கம் வீடுகளில் பெரிய படம் செத்தவர்களுக்குத்தான். பிரேம், மாலை, சின்ன பல்பு. எனக்கும் தெரியும். தெரிந்தே, முட்டாள்தனமாகப் பேசாதே என்று கத்தினேன்.

இரண்டு நாள் கழித்து சம்பா நாற்றங்காலில் அப்பா மயங்கி விழுந்தார். காரில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியில் அம்மா என்னிடம் பேசியது ஒன்றுதான்: "ஊருக்குப் போனதும் அத வாய்க்கால்ல தூக்கிப் போடு."

வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிந்து, உடம்பில் ரத்தமே இல்லை என்றார் டாக்டரம்மா. அப்பாவின் கீழ் இமையை இழுத்துக் காட்டினார். "இவ்ளோ வெளுத்திருக்காரு. வீட்ல ஒருத்தரும் மூஞ்சியப் பாக்கலயா?"

ஆறு மணி நேரம் பார்த்தவன் நான். பொணமாட்டம் என்று அம்மா சொன்னபோதாவது திரும்பி அப்பாவைப் பார்த்திருக்கலாம். படத்துக்காகச் சண்டை போட்டேன்.

மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றி, எட்டாம் நாள் அனுப்பினார்கள். படத்தை வாய்க்காலில் போட எனக்கும் சம்மதம்தான். விடாதவர் அப்பா. அவராகவே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அங்க மூணு பாட்டில் ஏத்திட்டாங்க. நீயும் ஏத்துடா. உங்கம்மா இன்னும் என்னப் பொணம்ங்கிறா."

"உங்களையா சொன்னேன்? படத்தச் சொன்னேன்" என்றாள் அம்மா. ஆனால் அங்கிருந்து நகரவில்லை.

சாம்பல் பூச்சு நன்றாகக் காய்ந்திருந்தது. காது, மூக்கு நுனி, கன்னம் என்று மெல்லிய சிவப்பை ஏற்றினேன். உதட்டுக்கு வந்ததும் பிரஷ்ஷை வைத்துவிட்டு எழுந்துபோய் அவர் வாயருகே குனிந்தேன். கீழுதட்டில், வெடிப்பை ஒட்டி, நிஜமான சிவப்பு.

"என்னடா, மோந்து பாக்குற?"

அவர் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். அங்கேயும் இருந்தது. அதற்குப் பிறகுதான் போய் பிரஷ்ஷை எடுத்தேன்.

படம் முழுதாகக் காய்வதற்குள் நான் மஸ்கட் திரும்பிவிட்டேன். பிரேம் போட அம்மா விடவில்லை. "பிரேம் போட்டா அப்புறம் மாலை கேக்கும்" என்று பீரோ மேல் சும்மா சாய்த்து வைத்தாள்.

வீட்டுக்கு போன் வந்த பிறகு, அப்பா எப்படி இருக்கிறார் என்று நான் கேட்டதில்லை. உதடு என்ன நிறம் என்றுதான் கேட்பேன். அம்மா ரிசீவரை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

"செவப்பாத்தான் இருக்கு. போன வையி."