விட்டுப் படித்த இருபது பெயர்கள்

எங்கள் வேதப்புத்தகத்தைத் திறந்தால் முதலில் வருவது பாச்சை உருண்டை வாசனைதான். இன்றும் எங்கேனும் அந்த நெடி மூக்கில் ஏறினால் நான் மறுபடி பாவாடை கட்டிய சிறுமியாகிவிடுவேன். அறுபதுகளில் கடலூர் முதுநகரில் குடியிருந்தோம். துறைமுக ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த அப்பா, உப்புக்காற்றில் தாள் கெட்டுவிடுமென்று அதை வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருப்பார். அதன்மேல் இன்னொரு பொருளை வைக்கக் கூடாது, பென்சில் கோடு போடக் கூடாது. "இது மனுசன் எழுதுனது இல்ல, தேவனோட மூச்சு. நாம கூட்டவும் கூடாது, கொறைக்கவும் கூடாது" என்பார்.

தினமும் விளக்கேற்றியதும் "குடும்ப ஜெபம்". ஒரு நாள் அப்பா ஓர் அதிகாரம் வாசித்தால் மறுநாள் நான். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. சிதம்பரத்துக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்காமல் வளர்ந்தவள். கல்யாணமான நாள் முதல் உட்கார்ந்து கேட்பாள், அவ்வளவுதான். ஜெபம் முடியாமல் சோறு கிடையாது. ஒரு நாள் அடுக்களையில் கருவாட்டுக் குழம்பு மணக்க, எனக்கு வாய்த்ததோ இன்னார் இன்னாருடைய குமாரன் என்று முடிவில்லாமல் போகும் வம்ச வரலாறு. பத்து வயதுப் பசி பொல்லாதது. அப்பா கண்ணை மூடியிருந்தார். வாயில் நுழையாத இருபது பெயர்களைத் தாண்டிவிட்டேன். அதிகாரம் முடிந்ததும் அம்மா சோறு போட்டாள்.

ஏழெட்டு மாதம் கழித்து ஞாயிறு பள்ளியில் டீச்சர் ஒன்றைச் சொன்னார். வேதத்தின் கடைசி அதிகாரத்தில் எச்சரிக்கை இருக்கிறதாம்; அதிலிருந்து ஒரு சொல்லை எடுத்துப்போடுகிறவனுக்கு மோட்சத்தில் உள்ள பங்கைத் தேவனும் எடுத்துப்போடுவாராம். வீட்டுக்கு வந்து, வாசிக்க மிச்சமிருந்த அதிகாரங்களை விரல்விட்டு எண்ணினேன். அந்த அதிகாரம் என் முறைக்கே வந்தது. எனக்கு மோட்சம் இல்லை என்று தீர்ந்துபோயிற்று. காய்ச்சலாவது வரட்டும் என்று ஈரப் பாவாடையோடு திரிந்தேன். பாழாய்ப்போன காய்ச்சலும் வரவில்லை.

அந்த நாளும் வந்தது. வாசித்துக்கொண்டே போனவள், அந்த வசனத்தில் நின்றுவிட்டேன்.

"இன்னா நிறுத்திட்டே? படி" என்றார் அப்பா.

"அன்னிக்கு நான் பேருங்கள வுட்டுட்டேம்ப்பா. இருவது பேரு."

அப்பாவின் முகம் வெளுத்தது. கோபமில்லை, பயம். "நான் கேட்டுக்கினுதான இருந்தேன்?" என்றார்.

"நீங்க தூங்கிட்டீங்க" என்றாள் அம்மா. "அவ வுட்டது எனக்குத் தெரியும். புள்ள பசியில கெடக்கேன்னு, அத்தனையும் நானே மனசுக்குள்ள சொல்லிக்கினேன்."

சொல்லிவிட்டு அந்த இருபது பெயர்களையும் வரிசையாகச் சொன்னாள். அப்பா அந்தப் பக்கத்தை எடுத்து, விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. "எம்மேலதான் தப்பு" என்று அவர் தலைகுனிந்தபோது எனக்குப் போன உயிர் திரும்பி வந்து, அழுகையும் கூடவே வந்தது.

இப்போது சிதம்பரத்தில் தனியாக இருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் இல்லை. கூடி உட்கார்ந்து வாசிக்கிற வழக்கமும் போய்விட்டது. செல்போன்தான் வேதம் வாசிக்கிறது. அது ஒரு பெயரையும் விடுவதில்லை. அந்த இருபது பெயர்கள் வரும்போது மட்டும் அதை நிறுத்திவிட்டு நானே சொல்லிப் பார்க்கிறேன். நடுவில் ஒரு பெயர் மறந்துவிடுகிறது, எடுத்துக்கொடுக்க ஆளில்லை.