ஐந்நூறு லிட்டர் கார்

என் சம்பந்தி வர்சிதி பதினாறு வயதில் இந்த்ரமாயுவிலிருந்து ஜகார்த்தாவுக்கு வந்து, முப்பத்தைந்து வருடமாக அரிசிக்கடை வைத்திருக்கிறார். இங்கே அரிசியை லிட்டரில்தான் அளப்போம். அவர் எல்லாவற்றையுமே அப்படித்தான் அளப்பார். எங்கள் பேத்தி நைலா பிறந்தபோது, எடை மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேல் என்றாள் நர்ஸ். "அப்போ நாலு லிட்டர்" என்றார்.

பேத்திக்கு இப்போது நாற்பத்து மூன்று நாள். என்னைப் பார்த்தால் சிரிக்கிறாள். காற்றுதான் என்கிறாள் என் மனைவி. காற்றுக்கு என் முகம் தெரியுமா?

நோன்புப் பெருநாளுக்கு பேத்தியைத் தன் ஊருக்குக் கூட்டிப்போக வர்சிதி புதுக் கார் வாங்கக் கிளம்பினார். நானும் ஒட்டிக்கொண்டேன். இரு பக்கத் தாத்தா பாட்டி, பேத்தியின் அப்பா அம்மா எனப் பெரியவர்கள் ஆறு பேர், குழந்தைக்குத் தனியாக ஒரு குட்டி இருக்கை, ஆக ஏழு. வண்டியிலும் ஏழு இடம். எனக்கும் வர்சிதியின் மனைவிக்கும் கடைசி வரிசை. போதும், எட்டிப் பார்த்தால் பேத்தியின் உச்சந்தலை தெரியும்.

கார்க் கடையில் வூலான் என்ற பெண் வண்டியின் விவரத் தாளை நீட்டினாள்.

"நூத்தி அஞ்சு குதிரைச் சக்திங்கய்யா."

"எங்க ஊர்ல மொத்தமே நாலு குதிரைதான். இது எதுக்கு?" என்ற வர்சிதி, தாளில் கீழே ஒரு வரியில் கண்ணை நிறுத்தினார். "பின்னால சாமான் வைக்கிற இடம் ஐந்நூறு லிட்டரா?"

"ஆமாங்கய்யா."

அவர் முகம் மலர்ந்தது. அந்தத் தாளில் அவருக்குப் புரிந்த ஒரே வரி அதுதான். அவர் கடை எதிர்ச்சாரியில் இருக்கிறது. அரைமணியில் தள்ளுவண்டியில் பத்து மூட்டை வந்தது, ஒவ்வொன்றும் ஐம்பது லிட்டர்.

மூன்று மூட்டை போனது. நாலாவதை வைத்தால் கதவு மூடவில்லை. வர்சிதி முதுகால் தள்ளிப் பார்த்தார், திரும்பி நின்று வயிற்றாலும் தள்ளிப் பார்த்தார்.

"ஏம்மா, மிச்ச ஏழு மூட்டை எங்க?"

"கடைசி சீட்டை மடிச்சாத்தான் ஐந்நூறுங்கய்யா. அடியில சின்ன எழுத்துல போட்டிருக்கு."

"மடிச்சா அதுல இருக்கிறவங்க?"

"இருக்க மாட்டாங்க."



"சரி, மடி" என்றார் வர்சிதி. "சம்பந்தி, நீங்களும் என் பொண்டாட்டியும் பஸ்ல வந்துடுங்க. அவளுக்கு ஜன்னலோரம்னா உசிரு."

நான் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். முட்டி மோவாயைத் தொட்டது.

"இறங்குங்க சம்பந்தி."

"மடிக்கிறதுன்னா என்னையும் சேத்து மடிங்க. அந்தப் பத்து மூட்டை இடத்துல குழந்தை சாமான் எவ்வளவு?"

"ரெண்டு மூட்டை அளவு. மிச்சம் எட்டும் அரிசிதான். ஊர்ல சொந்தக்காரங்க எட்டு வீடு, வீட்டுக்கு ஒண்ணு."

"அவங்கல்லாம் என்ன தொழில் பண்றாங்க?"

வர்சிதி மூட்டையின் தையலைத் தடவினார். "நெல்லு வெளைய வெக்கிறாங்க."

வூலான் தாளால் வாயை மூடிக்கொண்டாள்.

"கொல்லன் தெருவுல ஊசி விக்கிற கதைதான்" என்றேன். "அரிசி விளையிற ஊருக்கு அரிசி கொண்டு போறீங்க. அதுக்கு என்னை இறக்கி விடுறீங்க."

"வெறுங்கையோட போனா, முப்பத்தஞ்சு வருஷமா அங்க என்ன கிழிச்சேன்னு கேப்பாங்களே."

"கையில பேத்தி இருப்பா. யாரு உங்க கையைப் பாப்பாங்க?"

 வர்சிதி மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கச் சொல்லி, ஒன்றை மட்டும் விட்டுவைத்தார். குழந்தை சாமானோடு அதற்கும் பின்னால் இடம் சரியாக இருக்கும். ஆனால் ஆசை விடுமா?

"பெரியக்காவுக்கு மட்டும் தனியா அஞ்சு லிட்டர். அதை மடியில வெச்சுக்கிறீங்களா?"

"பத்தா இருந்தாலும் வெச்சுக்கிறேன்" என்றேன்.

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. பத்தாகவே எழுதிக்கொண்டார்.