மறுமொழி வந்துசேர எடுத்த நேரம்

என் எழுத்து கோழி கிளறிய மண்போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் இருந்த உறவு முடிந்துவிட்டது. எந்த இடத்தில் எந்த ‘ன’ போடுவது என்று இன்றைக்கும் பேனையைத் தூக்கி வைத்துக்கொண்டு யோசிப்பேன். பிழை கண்டால் மனதுக்குள் திருத்தி வாசியுங்கள். எனக்குச் சொல்லிவிட வேண்டாம், வெட்கமாயிருக்கும்.

போன கிழமை எங்கள் பக்கத்துத் திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் வந்தேன். முன் இருக்கையில் ஒரு பிள்ளை கைபேசியில் முகம் பார்த்துக் கதைத்துக்கொண்டு வந்தாள். அந்தப் பக்கம் கனடா என்று விளங்கியது. இவள் கேட்டு முடிக்கமுதலே அங்கிருந்து மறுமொழி வந்தது. அவள் பூசியிருந்த பவுடர் மணம் என் மூக்கில் பட, நான் பஸ்ஸை விட்டு மானிப்பாயில் இருந்த பழைய கொமினிக்கேசன் கடைக்குப் போய்விட்டேன்.

கைபேசி இல்லாத நாட்களில், வெளிநாட்டில் இருக்கிறவர்கள் நேரம் சொல்லிவைத்து அந்தக் கடைக்குத்தான் எடுப்பார்கள். இங்கே தாய் தகப்பன் முகம் கழுவி, பவுடர் பூசி, நல்ல உடுப்போடு வந்து வாங்குப் பலகையில் காத்திருப்பார்கள். போனில் முகம் தெரியாதே என்று ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. றிசீவரில் எப்போதும் பவுடரும் வெற்றிலையும் கலந்த ஒரு மணம் இருக்கும். கடையில் கூட்டித் துடைப்பதும், போன் இருக்கும் பெட்டிக்குள் ஆளை அனுப்பி நிமிடத்துக்குக் காசு வாங்குவதும் என் வேலை. ஆனால் மேசைக்குப் பின்னால் இருப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்பது எங்கள் சனத்தின் எண்ணம்.

“தம்பி, அங்கை இப்ப இரவெண்டால் பிள்ளை நித்திரையாலை எழும்பியோ கதைக்கிறான்?”

“பிள்ளை அங்கை உண்டியல்காரனிட்டைக் குடுத்த காசு டொலராயோ வரும், எங்கடை தாளாயோ?”

“இங்கிலீசு படிக்க எவ்வளவு காலம் செல்லும்?” இதை என்னிடம் கேட்டார்கள் பாருங்கள்.

இங்கிருந்து எடுத்த ஒரு அம்மாவுக்கு, லைன் கிடைக்கவில்லை என்று பதிவுசெய்த பெண்குரல் இங்கிலீசில் சொன்னது. “ஓம் பிள்ளை, நான் பிறகு எடுக்கிறன்” என்று பணிவாகச் சொல்லிவிட்டு வைத்தார். எனக்குத் தெரியாத கேள்விகளை முதலாளியிடம் தள்ளிவிடுவேன். அவருக்கும் தெரியாது. ஆனால் அவருக்குக் குரல் பெரிது, அதனால் அவர் சொல்வது சரியாக இருக்கும்.

தம்பிராசா அண்ணை வந்த நேரம் பார்த்து முதலாளி சாப்பிடப் போயிருந்தார். அண்ணை வெங்காயத் தோட்டக்காரர். மகள் வசந்திக்குக் கனடாவில் ஒரு மாப்பிள்ளை பேசி, சாதகமும் பொருந்திவிட்டது. பெடியனோடு தானே ஒருமுறை கதைத்துவிட்டுத்தான் சம்மதம் சொல்வேன் என்று அண்ணை நின்றார். அயன் பண்ணிய வேட்டி, தோளில் சால்வை, பின்னால் வசந்தி. அவள் வாங்கில் இருந்தபடி கைப்பையை மெல்லத் திறந்து உள்ளே பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தாள். உள்ளே மாப்பிள்ளையின் படம். நான் பார்க்காததுபோல இருந்தேன்.

மணி அடித்தது. வெக்கைக்குப் பெட்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அண்ணை தொடங்கினார்.

“தம்பி, குடிவகை பாவிக்கிறனீரோ?”

காத்து நின்றார். முகம் இறுகியது. பிறகு, “இல்லையாம்” என்றார் மகளைப் பார்த்து.

“அங்கை வேறை ஆரையும் மனசிலை நினைச்சிருக்கிறீரோ?”

மறுபடியும் காத்து நின்றார். றிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு தலையை வெளியே நீட்டினார்.

“டேய் தம்பி, இவன் எல்லாத்துக்கும் யோசிச்செல்லோ சொல்லுறான். குடியாதவன் ஏன் யோசிக்கோணும்?”

“அது லைன், அண்ணை. குரல் போய்வர நேரமெடுக்கும்.”

“கொழும்பிலையிருந்து என்ரை தம்பி கதைக்கேக்கை டக்கெண்டு வருதே.”

“இது வானத்துக்குப் போய்த் திரும்பி வருதாம்.”

“நீ பாத்தனியோ?”

நான் பார்க்கவில்லை. தலையைச் சொறிந்தேன்.

“பார், நீயும் யோசிக்கிறாய்” என்றவர் மகளிடம் திரும்பினார். “இது சரிவராது பிள்ளை.”

வசந்தி கைப்பையை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. பெண்பிள்ளைகள் இருக்கும் இடத்தில் வாய் திறக்காத எனக்கு அன்றைக்கு எங்கிருந்து குரல் வந்ததோ தெரியாது.

“யோசிக்கத் தேவையில்லாத ஒண்டைக் கேட்டுப் பாருங்கோ, அண்ணை. அவரின்ரை பேரைக் கேளுங்கோ.”

என்னை ஒருமுறை முறைத்துவிட்டுக் கேட்டார். “தம்பி, உம்மடை பேரென்ன?”

இந்த முறை மறுமொழி வர முந்தியதையும்விட நேரமெடுத்தது. கலியாணம் பேசி முடிகிற நேரம் மாமனார் பேர் கேட்டால் எந்தப் பெடியனும் திகைப்பான்தானே. என் வைத்தியத்தால் நோய் கூடிவிட்டது என்று நான் விளக்குமாற்றைத் தேடினேன்.

அப்போதுதான் அண்ணையின் குரல் மாறியது.

“ஆர், நானோ? நான் எங்கை யோசிச்சனான்? நீர் சொன்ன உடனையெல்லோ நான் கதைக்கிறன்.” பிறகு மெதுவாக, “ஐயோ தம்பி, எனக்கு விருப்பமில்லையெண்டு ஆர் சொன்னது?”

றிசீவரைக் கையில் வைத்துப் புதினமாகப் பார்த்தார். “நான்தானாம் இழுத்து இழுத்துக் கதைக்கிறன். பொம்பிளை தர விருப்பமில்லாட்டி நேரை சொல்லட்டாம் எண்டு கேக்கிறான்.” “இந்தா பிள்ளை, நீ கதை” என்று மகளிடம் நீட்டினார்.

வசந்தி “ஹலோ” என்றாள். அந்த ஒரு சொல் போய், இன்னொரு சொல் திரும்பி வரும்வரை அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். அண்ணை எனக்குப் பக்கத்தில் வந்து, தெருவைப் பார்த்தபடி சால்வையால் முகத்தைத் துடைத்தார். நிமிடக் காசு ஏறிக்கொண்டிருந்தது. நான் அவசரப்படுத்தவில்லை.

அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது குளிர்பானம் விற்கிறார்கள். என் சிறிய கடையில் கைபேசிக்குக் காசு போட வருகிறவர்கள் இன்னும் ஏதாவது கேட்பார்கள்தான். ஆனால் நான் வாய் திறக்கமுதல் தங்கள் கைபேசியையே கேட்டுவிடுகிறார்கள். வசந்தி கனடாவிலிருந்து நாளாந்தம் தகப்பனுக்கு எடுக்கிறாள். அவர் அரைக்கச்சையோடு வரம்பில் குந்தியிருந்து, வெங்காயத்துக்குத் தண்ணீர் விட்டபடி, “ஓம், ஓம், பிறகு எடு” என்று வைத்துவிடுகிறார். ஒரு குரலுக்காக வேட்டி அயன் பண்ணி, மூச்சடக்கி நின்ற சனத்தை நான் பார்த்து நாளாகிவிட்டது.

கனநாளாய் எழுத நினைத்து, ஒருவழியாய் எழுதி முடித்தது ஆடி அமாவாசைக்கு முதல்நாள் பின்னேரம்.