சவரிமுத்து எந்த நாட்டுக்காரன்?

போன சனிக்கிழமை கண்டியில் சர்வதேச உதைபந்தாட்டப் போட்டி ஆரம்பமானது. சர்வதேசம் என்றால் மூன்று தேசம். இலங்கை, மதராஸ், இங்கிலாந்து.

இங்கிலாந்து கப்பலேறி வரவில்லை. சுற்றுவட்டாரத் தோட்டத் துரைமார் பதினொரு பேர் சேர்ந்தால் அதுதான் இங்கிலாந்து. மதராஸ் எப்போது தேசமானது? எனக்குத் தெரியாது. நோட்டீசில் அப்படிப் போட்டிருந்தது... போட்டால் போட்டதுதான்.

இலங்கைக் கோஷ்டிக்குச் சட்டை தைத்தவன் நான். அதனால் கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய்வர எனக்கு வழி இருந்தது. பொத்தான் அறுந்தால் தைக்க ஆள் வேண்டுமே!

பதினொரு சட்டையில் ஒன்று சவரிமுத்துவுக்கு. ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலைப் பேக்டரி வேலைக்காரன். இடதுகால்காரன். ஆள் தெரிவு செய்த அன்று அவன் அடித்த பந்தைத் தடுக்கப் போன கோல்காரர், விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உடனே பெயர் எழுதிக்கொண்டார்கள்.

அளவு கொடுக்கக் கடைக்கு வந்தவன் ஒன்றுதான் கேட்டான்.

"அண்ணே, நெஞ்சில சிலோன்னு எழுத்து வருமா?"

"வரும்."

"பெரிசாப் போடுங்க."

பெரிதாகவே போட்டேன்.

சனிக்கிழமை தேயிலைப் பெட்டி ஏற்றிய லொறியில் வந்து இறங்கினான். சட்டையைக் கையில் வாங்கினான். போடவில்லை. அதற்குள் இலங்கைக் கோஷ்டிச் செயலாளர் வந்துவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், பெரிய பிரக்கிராசி. கோர்ட்டில் பேசுகிற மாதிரியே வெளியிலும் பேசுவார்.

"தம்பி, நீர் தோட்டத்து ஆள் எல்லே?"

"ஆமாங்கய்யா."

"அப்ப நீர் இந்தியன். இது இலங்கைக் கோஷ்டி. நேற்றுத்தான் கமிட்டியில கதைச்சனாங்கள்."

"நான் இங்கதாங்க பொறந்தேன். எங்கப்பாவும் இங்கதாங்க. கோயில் புத்தகத்துல ஞானஸ்நானம் பதிஞ்சிருக்குங்க."

"கோயில் புத்தகம் மட்டும் காணாது. மதராஸ்காரரிட்டப் போய்க் கேளும்."

போனான். அடுத்த கூடாரம்தானே. மதராஸ் மானேஜர் கோட்டும் வேட்டியுமாக நின்றார்.

"எங்கேப்பா பிறந்தே?"

"ஹேவாஹெட்டங்க."

"அது எந்த ஜில்லா?"

"கண்டிங்க."

"கண்டியிலே பிறந்தவனை மதராஸ் டீம்ல போட்டா ஊர் சிரிக்காதா? போப்பா!"

இரண்டு கூடாரத்துக்கும் நடுவில் வந்து நின்றான். அவன் சட்டை செயலாளரின் அக்கா மகனுக்குப் போனது. கம்பத்தில் துணி காயப்போட்ட மாதிரி இருந்தது. முதுகில் நான்தான் நாலு ஊசி குத்திப் பிடித்துவிட்டேன். சிலோனில் பாதி அக்குளுக்குள் போய்விட்டது.

அப்போதுதான் இங்கிலாந்துக்கு ஓர் ஆள் குறைந்தது. ஒரு துரைக்கு முதல்நாள் பார்ட்டி. தலையைத் தூக்க முடியவில்லையாம். கோஷ்டித் தலைவர் சவரிமுத்துவின் தோட்டத் துரை. அவனைக் கண்டுவிட்டார்.

"சவரிமுத்து! சும்மா ஏன் நிக்கிறது? வா, நம்ம பக்கம் ஓடு!"

"துரை, நான் வந்து..."

"நீ நம்ம தோட்டத்து ஆள். நம்ம ஆள், இங்கிலாந்து ஆள். போ, சட்டை போடு!"

கமிட்டி இல்லை, கோயில் புத்தகம் இல்லை. ஒரு நிமிஷத்தில் ஒருவனை இங்கிலாந்துக்காரன் ஆக்கிவிட்டார். அவனுக்குச் சம்மதமா என்று கேட்டாரா? அது ஏன்? காலையில் தோட்டத்தில் பேர் வாசிக்கிற பிரட்டுக்குக் கூப்பிட்டால் வேலைக்குப் போகிற மாதிரிப் போனான்.

பேண்டு வாசித்தார்கள். மூன்று தேசத்துக்கும் தேசிய கீதம் என்றார்கள். மூன்றும் ஒரே பாட்டு. மூன்று தரம் எழுந்து நின்றோம். பிறகு பேச்சு. பந்தைத் தவிர எல்லாரும் பேசினார்கள்.

நான் கயிற்றோரம் வந்துவிட்டேன். பக்கத்தில் கம்பளையில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் வியாபாரி; நானா என்று கூப்பிடுவோம். எனக்கு நூல் கொடுக்கிறவர். முதல் ஆட்டம் இலங்கைக்கும் இங்கிலாந்துக்கும். தொடங்கியதும் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார்.

"டைலர், அந்த ஒரு இங்கிலாந்துக்காரன் மட்டும் நல்லா வெயில்ல காஞ்சிருக்கானே!"

விஷயத்தைச் சொன்னேன். சொல்லி முடியவில்லை, சவரிமுத்து ஒரு கோல் போட்டான். இடதுகால்தான். செயலாளரின் அக்கா மகன் குறுக்கே வந்தார்... ஊசி குத்தியதோ என்னமோ, பாதியில் நின்றுவிட்டார்.

கயிற்றோரம் சத்தமே இல்லை.

"அடிச்சது நம்ம ஆளு. வாங்கினது நம்ம நாடு" என்றார் நானா. "கை தட்டவா, வேணாமா?"

"ஒரு கையாலே தட்டுங்க" என்றேன்.

இரண்டாவது கோலுக்கு அவர் இரண்டு கையாலும் தட்டினார். ஆட்டம் அதோடு முடிந்தது. இங்கிலாந்துக்கு இரண்டு. இலங்கைக்கு ஒன்றும் இல்லை.

இனித்தான் விளையாட்டு!

செயலாளர் துரைமார் இருந்த கொட்டகைக்கு ஓடினார். பின்னால் கமிட்டி. ஊசிகளைத் திரும்ப எடுக்கிற சாக்கில் நானும் போனேன். வாக்குவாதம் இங்கிலீஷில். அளவெடுக்கிற இடத்தில் கேட்டுக் கேட்டு எனக்கும் கொஞ்சம் விளங்கும்.

இந்த ஆட்டம் செல்லாது என்றார் செயலாளர். இவன் எப்படி இங்கிலாந்துக்காரன்? இவன் இங்கே பிறந்தவன். இவன் அப்பனும் இங்கே பிறந்தவன். கோயில் புத்தகத்திலேயே பெயர் இருக்கிறது!

காலையில் காணாமல் இருந்த புத்தகம் மாலையில் கண்டுவிட்டது.

துரை கதிரையில் சாய்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. சரி, என்றார். சவரிமுத்து இலங்கைக்காரன் என்று ஒரு கடதாசியில் எழுதுங்கள். கமிட்டி கையெழுத்துப் போடட்டும். ஆட்டம் உங்களுக்கு.

கடதாசி வந்தது. பேனா வந்தது. சவரிமுத்து ஓரமாக நின்றான். துடைக்காத சேறு முழங்கால் வரை. அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் தன் பெயர் காதில் விழுந்தது. அந்தக் கடதாசியையே பார்த்தான். கோல் போட்டபோதுகூட அவன் முகம் அப்படி இருக்கவில்லை.

செயலாளர் எழுத ஆரம்பித்தார். பெயரை எழுதினார். நிறுத்தினார். கமிட்டிப் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்.

"இதை எழுத்தில குடுக்கிறது சரியில்லை. நாளைக்குத் தோட்டத்து ஆக்கள் எல்லாம் இதைக் கொண்டு வந்து வோட்டும் கேப்பாங்கள்."

பேனாவை மூடினார்.

"விளையாட்டுத்தானே... விடுவம்."

முறைப்பாட்டை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். துரைமார் தேநீர் குடிக்கப் போனார்கள். இங்கிலாந்துக்கு இரண்டு கோல் போட்டவனை உள்ளே கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை.

சவரிமுத்து என் பக்கத்தில் வந்தான்.

"அண்ணே, அய்யா என்ன எழுதினாரு?"

"உன் பேரை."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

லொறிக்காரன் ஹார்ன் அடித்தான். சவரிமுத்து போய் ஏறிக்கொண்டான்.

தோற்ற கோஷ்டியை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு வரி எழுதப் பயந்து தோல்வியைக் கேட்டு வாங்கிக்கொண்ட கோஷ்டியை இப்போதுதான் பார்த்தேன்.